டேப்புக்கு அடியில் இரண்டு விரல்

"கையை இறக்குடி. மூச்சை எதுக்குப் பிடிச்சுக்கறே? நான் என்ன ஊசியா போடப் போறேன்?" என்றாள் அத்தை.

"நான் ஒண்ணும் பிடிக்கல."

"பிடிக்கறே. அளவு எடுக்கறப்ப ஆம்பளை பொம்பளை எல்லாரும் வயித்தை உள்ள இழுத்துக்கறாங்க. அப்புறம் சட்டை பத்தலன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பி நிறுத்தினாள். எனக்கு மருத்துவமனை வரவேற்பில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு மொழி பேசத் தெரியும் என்பதற்காகக் கிடைத்த வேலை. அதற்குப் போட்டுக்கொள்ள ஒரு நல்ல சட்டை தைத்துத் தருகிறேன் என்று அவளே சொல்லியிருந்தாள். டேப் என் நெஞ்சைச் சுற்றி வந்தது. டேப்புக்கும் எனக்கும் நடுவில் அவளுடைய இரண்டு விரல்கள் நுழைந்தன.

"அது எதுக்கு அத்தை, விரல்?"

"எந்த விரல்?"

"டேப்புக்கு உள்ள விட்டிருக்கீங்களே."

குனிந்து தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஓ, இதுவா! உடம்பை ஒட்டி அளந்தா சட்டை உடம்புக்குத்தான் சரியா இருக்கும். உட்கார, சாப்பிட, சிரிக்க இடம் வேண்டாமா? ரெண்டு விரல் விட்டுத்தான் அளக்கணும். முதல்ல கத்துக்கிட்டதே அதைத்தான். இப்பல்லாம் நான் விடறதில்ல, அதுவே போய் உட்கார்ந்துக்குது."

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான். மந்திரியே வந்தாலும் ரெண்டு விரல்தான்."

"நாய்க்கு?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவளும் சிரித்தாள். "ஆமா, நாய்க்கு நான் கோட்டு தைக்கிறேன் பாரு, விரல் விட்டு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. விரல்கள் என் விலா எலும்பின் மேல் அப்படியே நின்றன. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. டேப் வழுக்கிக் காலடியில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"நாளைக்கு அளக்கலாம்" என்றாள்.

அந்தச் சட்டையை அவள் தைக்கவே இல்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. நான் படிப்பு முடித்து வேலை தேடிய காலத்திலிருந்து அவளோடுதான் இருந்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலோரம் ஒரு தையல் மிஷின். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வந்தவன் எல்லாம் எனக்கு லூசாவே இருந்தான்" என்பாள். வெகுகாலம் நகராட்சித் தையல்கூடத்தில் இருந்தவள். துப்புரவுத் தொழிலாளர்கள், பஸ் கண்டக்டர்கள், காவலாளிகள் எல்லாருக்கும் சீருடை அங்கேதான் தைத்தார்கள். "இந்த ஊர்ல பாதிப் பேரோட இடுப்பு எனக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இடுப்பே கிடையாது" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

பிறகு சீருடைகள் வெளியிலேயே தைக்கப்பட்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. தையல்கூடத்தைப் பூட்டினார்கள். ஆட்களை எங்கெங்கே இடம் காலியோ அங்கெல்லாம் பிரித்துப் போட்டார்கள். அத்தைக்குக் கிடைத்தது ரயில் யார்டுக்குப் பின்னால் இருந்த நகராட்சி நாய்க்கொட்டடி. தெருவில் நாய் வந்தால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறவள் அவள். போன புதிதில் கூண்டுக்குள் கிண்ணத்தைத் துடைப்பக்கட்டையால் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வருவாளாம். கொஞ்ச நாளில் கிண்ணத்தோடு உள்ளே போய், தின்று முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருக்கப் பழகிக்கொண்டாள்.

சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் முகத்தை ஒரு நாய் கவ்விவிட்டது. பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவள் சிரித்தால் முகத்தில் ஒரு பக்கம்தான் சிரிக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஊரே கொதித்தது. அந்த இனத்து நாயை இனி யாரும் வைத்திருக்கக் கூடாது என்று அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள். போட்ட பிறகுதான் அந்த இனம் எது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. தெருவில் பிறந்த நாய்க்கு அப்பன் யார், ஆத்தாள் யார்? வளர்த்தவர்கள் எல்லாரும், "இது கலப்பு ஐயா, அது இல்ல" என்றார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குட்டை முடி, தடித்த கழுத்து, அகன்ற தலை. தலையின் சுற்றளவு ஒரு கோட்டைத் தாண்டினால் அது அந்த இனம். அதன் அப்பன், ஆத்தாள், குணம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. டேப் சொன்னால் போதும். தாண்டிய நாய் பின்னறைக்குப் போகும். அங்கே டாக்டரின் ஊசி.

"டேப் பிடிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கொட்டடி டாக்டர் கேட்டபோது எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பிளாஸ்டரில் செய்த நாய் ஒன்றைக் காரில் வைத்துக் கொண்டுவந்து பாடம் நடத்தினார். காதுக்கு முன்னால் சுற்ற வேண்டும், முடியை நசுக்கக் கூடாது, டேப் முறுக்கக் கூடாது. அத்தை அந்தப் பிளாஸ்டர் தலையை அளந்தாள். விரல் உள்ளே போயிருக்கும். அவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "சபாஷ், கை நடுங்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் அத்தை சட்டத்தின் பக்கம்தான் இருந்தாள். ஒரு நாள் அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா கொட்டடி வாசலுக்கு வந்தாளாம். உள்ளே வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை ஒரு நாயை அளப்பதை முடியும்வரை பார்த்தாள். பிறகு, "நல்லா அளங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அத்தை அந்த அம்மாவைப் போலவே சன்னக் குரலில் சொல்வாள். நல்லா அளங்கம்மா.

நன்றாகத்தான் அளந்தாள். நாய்களிடம் வாடிக்கைக்காரர்களிடம் பேசுவதுபோலவே பேசினாள். நிமிர்ந்து நில்லு ராசா. மூச்சை விடு. இதோ ஆச்சு. மற்றவர் கையில் திமிறுகிற நாயும் அவள் கையில் அடங்கி நிற்கும் என்று காவலாளி என்னிடம் சொல்லியிருக்கிறார். "உங்க அத்தை தொட்டா அதுங்க ஏதோ புதுத்துணி கிடைக்கப் போகுதுன்னு நினைச்சுக்குதுங்க" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதை சொல்வாள். மிளகாய் என்று அவர்கள் பெயர் வைத்திருந்த ஒரு வெள்ளைச் சடைநாய், மடியில் அடங்குகிற அளவு. அத்தையைக் கடித்தது, டாக்டரைக் கடித்தது, காவலாளியை இரண்டு தடவை கடித்தது. தலை ஒரு தேங்காய் அளவுகூட இல்லை. சடைமுடி வேறு. சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொந்தக்காரி வந்து முத்தம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனாள். "போற போக்குல என்னைப் பாத்து பல்லைக் காட்டிட்டுப் போச்சுடி, திமிரப் பாரேன்" என்று அத்தை கையில் மருந்து போட்டுக்கொண்டே சிரித்தாள்.

மாப்பிள்ளை கதையையும் அப்படித்தான் கேட்டேன். செங்கல் நிறம், அகன்ற மண்டை. கெஞ்சினால்தான் சாப்பிடும் என்பதால் மாப்பிள்ளை. யாரோ பக்கத்துக் கடைக்காரர் மனுக் கொடுத்து அதைப் பிடித்து வந்திருந்தார்கள். சொந்தக்காரர் ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவர். எங்கள் மொழி அவருக்கு வராது. அளக்கிற அன்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், டேப்பைப் பார்த்ததும் தன் சட்டையைத் தொட்டுக் காட்டி, ஊசியால் தைப்பதுபோல் கையை ஆட்டி, நாய்க்குச் சட்டையா என்று சைகையால் கேட்டார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அளந்தாளாம். டேப்பை உருவும்போது மாப்பிள்ளை அவள் விரல்களை நக்கியது. கோட்டை அது தாண்டியது கொஞ்சூண்டுதான். "விரல் கனம்கூட இல்ல பாவம்" என்று அன்றைக்கே சொன்னாள். அப்போது அதை இருவருமே ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

நான் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

தண்ணீர்க் குவளையை அவள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் படாமல் தூக்கினாள். அந்த இரண்டையும் சற்று விலக்கி, புண் பட்டதுபோல் வைத்துக்கொண்டாள். குழாயடியில் நின்று அவற்றை மட்டும் கழுவினாள். "என்ன அத்தை, சுட்டுக்கிட்டீங்களா?" என்றேன். "சூடுதான். ஆனா இது அந்தச் சூடு இல்ல" என்றாள். காதுக்குப் பக்கத்தில் நாய்க்குத் தோல் எப்போதும் கதகதப்பாக இருக்குமாம். அந்தக் கதகதப்பு விரலை விட்டுப் போகவில்லை என்றாள். மிஷினில் உட்கார்ந்திருப்பவள் திடீரென்று மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் காது கொடுப்பாள். சிமெண்ட் தரையில் நகம் கிறீச்சிடுகிற மாதிரி இல்லையா என்பாள். நானும் கேட்டுப் பார்ப்பேன். குழாய் சொட்டும். வேறு ஒன்றும் இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு நானும் அந்தச் சமையலறைக்குள் விளக்கைப் போடாமல் போனதில்லை.

அவள் தைத்த துணிகள் எல்லாருக்கும் இறுக்கமாக வர ஆரம்பித்தன. மேல்வீட்டு நர்ஸ் தைக்கக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கையை மடக்க முடியாமல் படியிறங்கி வந்தாள். "என்னக்கா இது, தோலை உரிச்சு மறுபடி போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. மூச்சு விட்டா பட்டன் பறக்குது!" அத்தை பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். அதுவும் பிடித்தது. பிரிக்கிறவள் திரும்ப அளக்கும்போது டேப்பை உடம்போடு ஒட்டி, கண்ணைச் சுருக்கி, அவ்வளவு கவனமாக அளந்தாள். விரல் உள்ளே போக வந்தால் மற்றக் கையால் அதைத் தட்டிவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

நாய்களையும் விரல் விட்டேதான் அளந்திருக்கிறேன் என்று கொட்டடி டாக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் இளவயதுக்காரர், கெட்டவர் இல்லை. கையில் இருந்த ஊசி மருந்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க சார். உங்ககிட்டதான்."

"சொல்லாதீங்க. முடிஞ்சுபோன ஒவ்வொண்ணையும் தோண்டுவாங்க. யாருக்கும் ஒண்ணும் திரும்பக் கிடைக்காது. இனிமே விரல் விடாம அளங்க, போதும்."

அவள் நகராமல் நின்றிருக்கிறாள். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "விரலை எடுத்துட்டா மட்டும் அது சரியான அளவாயிடுமா அம்மா? எதை அளக்கறோம்னு எனக்கே தெரியல. அந்தக் கோட்டை மேலிடத்துல யாரோ போட்டுக் கொடுத்தாங்க" என்றாராம்.

அதன் பிறகு விரல் விடாமல் அளந்தாள். அப்படி அளந்த முதல் நாயே கோட்டுக்குள் அடங்கிவிட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணைக் காட்டாமல், ஓசையில்லாமல் உதட்டை மட்டும் தூக்குகிற நாய் அது. கொட்டடியில் அதன் கூண்டுக்குள் போக அத்தை உட்பட யாருக்கும் தைரியம் கிடையாது. டேப் சரி என்றது. வீட்டுக்குப் போகலாம். அதைக் கூட்டிக்கொண்டு போனவருடன் ஒரு கைக்குழந்தை வந்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். "அந்தப் பொண்ணோட அம்மா நல்லா அளங்கம்மான்னு சொன்னாளே. அவளுக்காகத்தானேடி இவ்வளவும். இன்னிக்குத்தான் முதல்தடவையா நல்லா அளந்தேன். பாத்தியா, எதை அனுப்பி வெச்சேன்னு?" என்றாள். "டேப்புக்கு மண்டை எவ்வளவு பெரிசுன்னு தெரியும். உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சுதே. உள்ள போய்க் குந்தியிருந்த எனக்குத் தெரிஞ்சுதே. என்னை யாராவது கேட்டாங்களா? நானே என்னைக் கேட்டுக்கலயே."

மறுநாள் டேப்பை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டுக் கூண்டு கழுவுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டேப் காவலாளி கைக்குப் போயிற்று. அவர் கைக்கு வந்தபடி, நாளொரு விதமாக, இழுத்தும் தளர்த்தியும் அளந்தார். எண்ணை மட்டும் யாராவது பார்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையை வளர்த்த கண்ணாடிக்காரரிடம் போக வேண்டும் என்று அவள் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். "எத்தனையோ பேரு இருக்க, அவர்கிட்ட மட்டும் ஏன் அத்தை?"

"மத்தது எது எதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. மாப்பிள்ளையைத் தெரியும். நான் சிரிச்சுக்கிட்டே அளந்தேன்டி."

"அவருக்கு நம்ம பாஷை புரியாதே."

"அதுக்குத்தான் நீ இருக்கே."

விடுமுறை நாள் ஒன்றில் பஸ் ஏறிப் போனோம். கண்ணாடிக் கடைகளாகவே இருந்த ஒரு சந்து. அவருடையது ஒரு கதவு அகலம்தான். சுவரோரம் கண்ணாடிப் பலகைகள் சாய்ந்து நின்றன. எங்கே திரும்பினாலும் அத்தையும் நானும் அரைகுறையாகத் தெரிந்தோம். அவர் அத்தையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார். அத்தை உட்காரவில்லை. ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். நானும் அவர் மொழியில் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"உங்க நாயை அளந்தது நான்."

அவர் தலையசைத்தார்.

"நான் தையல்காரி. அளக்கறப்ப டேப்புக்குள்ள என் ரெண்டு விரலை விட்டுட்டேன். பழக்கம். எனக்கே தெரியாது. உங்க நாய் கோட்டைத் தாண்டினது அந்த விரலைவிடக் குறைச்சல்."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. மேஜையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். தன் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அதன்மேல் நூலைச் சுற்றினார், நுனியை வாயால் பிடித்துக்கொண்டு. பிறகு விரலை உருவினார். நூல் தொளதொளவென்று மணிக்கட்டில் தொங்கியது. அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேசினார். கத்தவில்லை. இடையில் நிறுத்தவும் இல்லை.

"இத்தனை நாளா நான் சட்டத்தைத் திட்டிக்கிட்டிருந்தேன். சட்டத்துக்கு மூஞ்சி கிடையாது. திட்டிட்டு கண்ணாடி வெட்டப் போயிடுவேன். இப்ப இந்தம்மா மூஞ்சியோட வந்து நிக்கறாங்க. இனிமே ஒவ்வொரு கண்ணாடியிலயும் எனக்கு இவங்கதான் தெரிவாங்க. இதைத்தான் கொடுக்க வந்தாங்களா? மனசுல இருக்கறதை இங்க இறக்கி வெச்சுட்டு லேசாப் போகலாம்னு வந்தாங்களா? அவனுக்கு நாங்க ஜன்னல்னுதான் பேரு வெச்சிருந்தோம். குட்டியிலேர்ந்து ஜன்னல்லயே உட்கார்ந்திருப்பான். சரி, அந்த விரல் இல்லன்னா ஜன்னல் பொழைச்சிருப்பான். பக்கத்துக் கூண்டுல இருந்தவன்? அவனுக்கு நிஜமாவே மண்டை பெரிசு. அவன் யாரைக் கடிச்சான்? அவனுக்கு எந்த விரலைக் குத்தம் சொல்லுவாங்க? அவன் வீட்டுக்கும் பஸ் ஏறிப் போவாங்களா? பூங்காவுல கடிச்ச நாயோட மண்டையை யாராவது அளந்தாங்களா? கேளுங்க. இன்னொண்ணு. ஜன்னல் யாரு கை நீட்டினாலும் நக்குவான். இவங்க கையையும் நக்கியிருப்பான். அந்த ரெண்டு விரலைத்தான் நக்கியிருப்பான். அது இவங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க."

அவர் நூலைக் கழற்றாமலே உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். சுவரோரக் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்து, அவற்றில் இருந்த அத்தைகள் எல்லாரும் ஆடி நின்றார்கள்.

"என்னடி சொன்னார்?" என்றாள்.

"ரொம்ப வருத்தப்படறார் அத்தை. நாம போகலாமாம்."

அவள் வெளியே வந்தாள். சந்து முழுக்க நடந்தோம். நிறுத்தத்தில் ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பஸ் வந்து நின்றது. நான் எழுந்தேன். அவள் எழவில்லை. பஸ் போய்விட்டது.

"அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீ ஒரே வரியில முடிச்சிட்டே" என்றாள்.

அடுத்த பஸ் வருகிறதா என்று நான் தெருவைப் பார்த்தேன்.

"உட்காரு. முழுசாச் சொல்லு. நடுவுல விரல் விடாம."